கிணற்றோரக் குழந்தை: அறவுணர்ச்சி பற்றிக் கன்ஃபூசிய மரபும் நிகழ்வியலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிகழ்வியல் என்பது என்ன? அதற்கும் அறவுணர்ச்சிக்கும் என்ன தொடர்பு?

ஒன்று நமக்கு எப்படித் தென்படுகிறதோ அப்படியே, காரண விளக்கம் எதையும் முன்கூட்டி ஏற்றாமல் விவரிக்கும் தத்துவ முறை நிகழ்வியல். தோற்றப்பாட்டியல் என்றும் எழுதுவார்கள். எட்மண்ட் ஹுஸர்ல் (1859–1938) இதை நிறுவினார். பார்ப்பது என்றால் எதையோ பார்ப்பது, நினைப்பது என்றால் எதையோ நினைப்பது என்பது இதன் அடிப்படைக் கவனிப்பு. ஹுஸர்லின் ஆசிரியர் ஃப்ரான்ஸ் பிரென்டானோ இதையே அன்புக்கும் வெறுப்புக்கும் பொருத்திப் பார்த்தார்.

மாக்ஸ் ஷேலர் (1874–1928) அதிலிருந்து ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். நிறம் கண்ணுக்கு எட்டும், காதுக்கு எட்டாது. அதுபோல விழுமியம், அதாவது ஒன்றில் இருக்கும் மதிப்பு, உணர்வுக்குத்தான் எட்டும், வெறும் அறிவுக்கு எட்டாது என்றார். அறத்துக்கு உணர்ச்சியை அடித்தளமாக வைக்கவே கூடாது என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டுக்கு எதிராக அவர் எழுதிய பெரிய நூல் 1913லும் 1916லும் இரண்டு பகுதிகளாக வந்தது. உணர்ச்சி வெறும் கொந்தளிப்பு இல்லை, அது ஒரு வகைப் பார்வை என்பதே அதன் மையம். கன்ஃபூசிய மரபோடு கைகுலுக்கும் இடமும் அதுதான்.

கன்ஃபூசியம் என்றாலே சடங்கும் மூத்தோருக்குப் பணிவும்தானே? உணர்ச்சி எங்கே வருகிறது?

சடங்குக்கு உள்ளே வருகிறது. பெற்றோருக்குச் சோறு போடுவதே பிள்ளையின் கடமை என்று இன்று நினைக்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வேறுபாடு என்று கன்ஃபூசியஸ் (கி.மு. 551–479) கேட்டது, அவர் பேச்சுகளைத் திரட்டிய உரையாடல் தொகுப்பு என்ற நூலில் 2.7ஆம் பகுதியில் இருக்கிறது.

17.21 இன்னும் கூர்மையானது. பெற்றோர் இறந்தால் மூன்று ஆண்டு துக்கம் காப்பது வழக்கம். ஓராண்டு போதாதா என்று ஸாய் வோ என்ற மாணவர் கேட்கிறார். கன்ஃபூசியஸ் விதியை எடுத்துக்காட்டவில்லை. “நல்ல அரிசிச் சோறு உண்டு, பட்டு உடுத்தினால், உன் மனம் நிம்மதியாக இருக்குமா?” என்கிறார். “இருக்கும்” என்கிறார் மாணவர். “அப்படியானால் செய்துகொள்.” மாணவர் வெளியே போன பிறகுதான், குழந்தை மூன்று வயதாகும்வரை பெற்றோரின் கையை விட்டு இறங்குவதில்லையே என்று மற்றவர்களிடம் வருந்துகிறார். நாம் “மனசு உறுத்துது” என்று சொல்வோமே, அந்த உறுத்தலிடம்தான் அவர் தீர்ப்பைக் கேட்கிறார். விதி அந்த உறுத்தலிலிருந்து வளர்ந்தது என்பது அவர் எண்ணம்.

கிணற்றோரக் குழந்தை எடுத்துக்காட்டு எதை நிறுவுகிறது?

பெரும்பாலோர் நினைப்பதைவிடக் குறைவாக நிறுவுகிறது, ஆனால் ஆழமாக. கன்ஃபூசிய மரபின் சிந்தனையாளர் மென்சியஸின் (கி.மு. 4ஆம் நூற்றாண்டு) நூலில் 2அ6 என்று குறிக்கப்படும் பகுதி இது. ஒரு சிறு குழந்தை கிணற்றில் விழப்போவதை யாராவது திடீரென்று கண்டால் அவருக்குப் பகீரென்கிறது, நெஞ்சு இளகுகிறது. குழந்தையின் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்க நினைத்ததால் அல்ல. ஊராரும் நண்பர்களும் புகழ்வார்கள் என்பதால் அல்ல. அந்த ஓசை பிடிக்காததாலும் அல்ல. இந்த மூன்றாவதைக் குழந்தையின் அலறல் என்று கொள்வோரும், இரக்கமற்றவன் என்ற கெட்ட பெயர் என்று கொள்வோரும் உண்டு.

இங்கே மூன்று சொற்களைக் கவனிக்காமல் தாண்டக்கூடாது. முதலாவது “திடீரென்று”. கணக்குப் போட நேரம் கொடுக்காமல் இருப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது “கண்டால்”. கேள்விப்பட்டால் என்று அவர் சொல்லவில்லை. மூன்றாவது “விழப்போவதை”. விழுந்துவிட்ட குழந்தை என்றால் அங்கே துயரம் கலந்துவிடும். இன்னும் நடக்காத கேடு என்பதால் உணர்ச்சி முழுவதும் குழந்தையை நோக்கியே இருக்கிறது.

அந்த ஆள் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினார் என்று மூலத்தில் இல்லை. தூக்கினார் என்று சேர்த்துப் படிப்பதுதான் மிகப் பரவலான பிழை. பிறகு, “எல்லோரும் தூக்குவதில்லையே, ஆகவே மென்சியஸ் தவறு” என்று வாதம் செய்வார்கள். அவர் சொல்வது செயலைப் பற்றி அல்ல, செயலுக்கு முந்திய ஒரு கணத்தைப் பற்றி. காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, எது மிஞ்சுகிறது என்று காட்டுவது அவர் முறை. ஹுஸர்ல் பிற்காலத்தில் பேசிய முறையும் கிட்டத்தட்ட இதுவே. நடந்ததை மனத்தில் பலவாறாக மாற்றிப் பார்த்து, எதை எடுத்தால் அந்த அனுபவமே இல்லாமல் போகிறதோ அதைக் கண்டுபிடிப்பது.

தமிழில் “மனசு கேக்கல” என்று ஒரு பேச்சு இருக்கிறது. போகலாம் என்று காலை எடுத்து வைத்தேன், மனசு கேக்கல, திரும்பி வந்தேன். பிறர் படும் துன்பத்தைப் பொறுக்காத மனம் என்று மென்சியஸ் பெயரிட்டதற்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைப்பது கடினம்.

நான்கு முளைகள் எவை?

இரக்கம், நாணமும் வெறுப்பும், விட்டுக்கொடுக்கும் மனம், சரி தவறு பிரித்தறியும் மனம். இவை முறையே மனிதநேயம் (ரென்), நேர்மை (யி), பண்பொழுங்கு (லி), அறிவு (ஜி) ஆகியவற்றின் தொடக்கங்கள். கைகால் நான்கு போல இவை நமக்கு இருக்கின்றன என்கிறார் மென்சியஸ். இப்போதுதான் பற்றத் தொடங்கிய நெருப்பு, இப்போதுதான் கசியத் தொடங்கிய ஊற்று என்றும் உவமை சொல்கிறார்.

“முளை” என்று மொழிபெயர்த்தால் வளர்க்கவேண்டும் என்ற பொருள் முன்னே வரும். ஆனால் 12ஆம் நூற்றாண்டின் கன்ஃபூசிய அறிஞர் ஜூ ஷி (1130–1200) அதே சொல்லை “நூல் நுனி” என்று படித்தார். உள்ளே ஒரு நூல்கண்டு முழுதாக இருக்கிறது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பார்த்து அது இருப்பதை அறிகிறோம். முளை என்றால் அறம் இனிமேல்தான் ஆகவேண்டும். நுனி என்றால் அது ஏற்கெனவே முழுமையாக உள்ளே இருக்கிறது, மறைப்பை நீக்கினால் போதும். மென்சியஸின் நூலில் பயிர், மலை, களை என்றே உவமைகள் வருவதால் முளை என்பதே அவருக்கு நெருக்கமானது என்று கருதுகிறோம்.

ஷேலரின் விழுமிய வரிசை என்ன? அதை எப்படிப் பயன்படுத்துவது?

இங்கே விழுமியம் என்றால் உயர்ந்த இலட்சியம் மட்டுமல்ல, நாக்குக்கு இனிப்பதும் விழுமியமே. கீழிருந்து மேலாக நான்கு படிகள்: இனிமையும் இனிமையின்மையும், உயிர்த்துடிப்பு சார்ந்தவை (உடல்நலம், வீரியம், தளர்ச்சி), மன ஆன்மிகம் சார்ந்தவை (அழகு, நீதி, உண்மை), புனிதம். பயன்பாடு முதல் படியைச் சார்ந்து நிற்கும்.

எது மேலானது என்று காண ஷேலர் ஐந்து அடையாளங்கள் தருகிறார்: நீடிப்பது, பங்கு போடாமலே பலர் பெறமுடிவது, வேறொன்றைச் சாராதது, ஆழ்ந்த நிறைவு தருவது, உணர்பவரின் உடலமைப்பைச் சாராதது. பங்கு போடுவதைப் பாருங்கள். ஒரு துணியைப் பாதியாகக் கிழித்தால் மதிப்பும் ஏறக்குறையப் பாதியாகிறது. ஓர் ஓவியத்தைப் பாதியாகக் கிழித்தால் பாதி ஓவியம் கிடைக்காது. ஆயிரம் பேர் அதைப் பார்த்தாலும் ஒருவருக்குரிய பங்கு குறையாது.

இந்தப் பட்டியலில் “நன்மை” எங்கே என்று தேடுவோர் உண்டு. அது எந்தப் படியிலும் இல்லை. மேலான விழுமியத்தை நோக்கி ஒருவர் செயல்படும்போது, அந்தச் செயலின் முதுகில் ஏறி வருவது நன்மை என்கிறார் ஷேலர். நல்லவனாக இருக்கவேண்டும் என்று நேராகக் குறிவைத்தால் நன்மை நழுவி, நல்லவன் என்ற தோற்றம் கைக்கு வரும். பழங்கால அரசர் ஷுன்னைப் பற்றி மென்சியஸ் சொல்வதும் இதுவே (4ஆ19): அவர் மனிதநேயத்திலிருந்தும் நேர்மையிலிருந்தும் நடந்தார், மனிதநேயத்தையும் நேர்மையையும் நடத்திக் காட்டவில்லை. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு மரபுகள் இவ்வளவு நுணுக்கமான ஓரிடத்தில் சந்திப்பது எங்களை இன்னும் வியக்க வைக்கிறது.

இரக்கம், பரிவு, அனுதாபம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஷேலர் நான்காகப் பிரிக்கிறார்.

இறந்த பிள்ளையின் உடலருகே தாயும் தந்தையும் நிற்கிறார்கள். தாயின் துயரம் தந்தைக்கு “வெளியே” இல்லை, இருவரும் ஒரே துயரத்தில் நிற்கிறார்கள். இது சேர்ந்துணர்தல். அங்கே வரும் நண்பர் அவர்களின் துயரத்தைக் கண்டு துயருறுகிறார். இது பரிவு. எழவு வீட்டுக்குள் நுழைந்ததும் காரணம் தெரியாமலே அழுகை முட்டுவது தொற்று. தன்னை மறந்து இன்னொருவராகவே ஆகிவிடுவது ஒன்றிப்போதல்.

இவற்றில் பரிவுக்கு மட்டுமே, இது அடுத்தவருடைய துன்பம் என்ற தெளிவு உண்டு. தொற்றுணர்ச்சியை இரக்கம் என்று எடுத்துக்கொண்டால் வரும் கோளாறு, நமக்கு வலிக்கிறது என்பதால் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுவது. அதுபோல, அடுத்தவர் வலியை அறிவது மட்டுமே இரக்கம் ஆகாது. கொடியவனுக்கும் அது நன்றாகத் தெரியும், அதைச் சுவைக்கவே அவன் வலியைக் கொடுக்கிறான். ஹுஸர்லின் மாணவி எடித் ஸ்டைன் 1917இல் வெளியிட்ட ஆய்வும் அடுத்தவர் அனுபவத்தை அறிதல் என்ற இந்த முதல் படியைத்தான் துலக்குகிறது.

அரசர் மாட்டுக்குப் பதில் ஆட்டைக் கொல்லச் சொன்னது போலித்தனம் இல்லையா?

மென்சியஸின் நூலில் வரும் காட்சி இது (1அ7). பழைய சீனாவின் சீ நாட்டு அரசர் ஷுவான் மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார். கீழே ஒரு மாட்டை இழுத்துப் போகிறார்கள். புதிதாக வார்த்த மணிக்குக் குருதி பூசும் சடங்குக்காக. அது நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, விட்டுவிடு என்கிறார். அப்படியானால் சடங்கை நிறுத்தலாமா? அது எப்படி முடியும், ஓர் ஆட்டைக் கொண்டுபோ என்கிறார். மக்கள் கஞ்சன் என்று பேசுகிறார்கள்.

மென்சியஸ் அவரைக் குற்றம் சாட்டவில்லை. “மாட்டைக் கண்டீர்கள், ஆட்டைக் காணவில்லை” என்கிறார். பரிவு கண்ணெதிரே நிற்பதன்மேல்தான் முதலில் எழும் என்பதன் நேர்மையான விவரிப்பு இது. ஆனால் அங்கேயே விட்டுவிடவும் இல்லை: உங்கள் பரிவு விலங்கு வரைக்கும் எட்டுகிறது, குடிமக்களுக்கு எட்டவில்லையே, ஏன்? இருக்கும் உணர்ச்சியைப் பிடித்து, அது எட்டாத இடத்துக்கு நீட்டுவது. கன்ஃபூசிய அறப்பயிற்சியின் உயிர்நாடி இந்த நீட்டல். 7ஆ31 அதைச் சூத்திரமாகவே தருகிறது: ஒவ்வொருவருக்கும் பொறுக்கமுடியாத சில உண்டு, அதை இப்போது பொறுத்துக்கொண்டிருப்பவற்றுக்கு நீட்டுவதே மனிதநேயம்.

வெட்கத்தை எப்படி அறவுணர்ச்சி என்கிறார்கள்? அது ஊர்வாய்க்குப் பயப்படுவதுதானே?

இதுதான் எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி. குழப்பம் பாதி சொல்லில் இருக்கிறது. மென்சியஸின் இரண்டாவது முளை இரண்டு எழுத்துகளால் ஆனது. தன் செயலை எண்ணிக் கூசுவது ஒன்று, தவறானதை அருவருத்து ஒதுக்குவது இன்னொன்று என்று பிரிப்பது வழக்கம். அதை “வெட்கம்” என்று மொழிபெயர்த்தால் மணப்பெண்ணின் தலைகுனிவு நினைவுக்கு வரும். “அவமானம்” என்றால் பிறர் செய்தது போலாகிவிடும். “நாணம்” நெருங்கிய சொல், ஆனால் அதுவும் பெண்ணுக்குரியதாகச் சுருங்கிவிட்டது. திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் முதல் குறளிலேயே, செயலை எண்ணி நாணுவது வேறு, பெண்களின் நாணம் வேறு என்று பிரித்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் அந்தப் பழைய பொருளையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

“நாக்கூசாமல் பொய் சொல்கிறான்” என்கிறோம். அந்தக் கூச்சத்தைப் பாருங்கள். யாரும் பிடிக்கவில்லை, யாருக்கும் தெரியாது, ஆனாலும் பொய் வாயை விட்டு வருவதற்கு முன்னாலேயே நாக்கு கூசவேண்டும் என்று மொழி எதிர்பார்க்கிறது. ஊர்வாய்க்குப் பயப்படுவது இதற்குப் பிறகு வருவது.

ஃப்ரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்ர் 1943இல் விவரித்த காட்சி வேறு. பொறாமையில் ஒருவன் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து ஒட்டுப் பார்க்கிறான். அதுவரை அவன் தன்னையே நினைக்கவில்லை. நடையில் காலடிச் சத்தம் கேட்கிறது. சட்டென்று அவன் “ஒட்டுப் பார்ப்பவன்” ஆகிவிடுகிறான். இங்கே கூச்சம் பிறர் பார்வையில்தான் பிறக்கிறது. ஷேலர் 1913இல் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஓவியர் முன் மாதிரியாக நிற்கும் பெண்ணுக்குக் கூச்சமில்லை. அவர் கவனம் ஓவியத்தைவிட்டு அவளை நோக்கித் திரும்புவதை உணர்ந்த நொடியில் கூச்சம் வருகிறது. அது தாழ்வுணர்ச்சி அல்ல, தன் மதிப்பைக் காக்க எழும் திரை.

மென்சியஸ் நிற்பது ஷேலர் பக்கம். ஒரு கூடை சோறும் ஒரு கிண்ணம் குழம்பும் கிடைத்தால் உயிர் பிழைக்கும், இல்லாவிட்டால் சாவு. அதைத் திட்டிக்கொண்டே கொடுத்தால் வழிப்போக்கன்கூட வாங்கமாட்டான், காலால் மிதித்துவிட்டுக் கொடுத்தால் பிச்சைக்காரனும் தொடமாட்டான் (6அ10). பசி இருக்கிறது, சோறு இருக்கிறது, கை நீளவில்லை. உயிரைவிட மேலான ஒரு விழுமியம் அந்த நீளாத கையில் தெரிகிறது.

ஆட்சியாளர்களுக்கும் இதில் செய்தி உண்டு. தண்டனையால் நடத்தினால் மக்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள், நாணம் இருக்காது. பண்பாலும் பண்பொழுங்காலும் நடத்தினால் நாணமும் இருக்கும், தாமே திருந்துவார்கள் என்கிறது உரையாடல் தொகுப்பு 2.3.

இரண்டு மரபும் எங்கே பிரிகின்றன?

முக்கியமாக இரண்டு இடங்களில். ஷேலர் வரைபடம் வரைகிறார், மென்சியஸ் வயலில் நிற்கிறார். எந்த விழுமியம் எந்தப் படி என்பதில் ஷேலருக்கு இருக்கும் துல்லியம் மென்சியஸிடம் இல்லை. நாளை காலை என்ன செய்து இந்த உணர்வை வளர்ப்பது என்பதில் மென்சியஸுக்கு இருக்கும் தெளிவு ஷேலரிடம் இல்லை.

இரண்டாவது, குடும்பம். கன்ஃபூசிய மரபில் அன்பு பெற்றோரிடம் தொடங்கி வெளியே பரவும், அளவில் வேறுபடும். தந்தை ஆட்டைத் திருடினால் மகன் காட்டிக்கொடுப்பதா, மறைப்பதா என்ற இடத்தில் (உரையாடல் தொகுப்பு 13.18) மறைப்பதையே கன்ஃபூசியஸ் நேர்மை என்றார். ஷேலருக்கு அன்பின் உச்சம் தனித்த ஒரு ஆளை நோக்கியது, இறுதியில் இறைவனை நோக்கியது, உறவுமுறைக்கு அங்கே அந்த முதலிடம் இல்லை.

ஜெர்மன் தத்துவ அறிஞர் நிக்கோலாய் ஹார்ட்மன் (1882–1950) சேர்த்த ஒரு திருத்தத்தையும் மறக்கக்கூடாது. மேலான விழுமியமே எப்போதும் முந்தும் என்பதில்லை. கீழ்ப்படிகளுக்கு வலிமை அதிகம்: கொல்லாமல் இருந்ததற்காக யாரையும் பாராட்டுவதில்லை, கொன்றால் அதைவிடப் பெரிய குற்றமில்லை. ஷேலரின் படிகளை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கொரியாவின் நான்கு–ஏழு விவாதம் எதைப் பற்றியது?

நான்கு முளைகளும், மகிழ்ச்சி, சினம், துயரம், அச்சம், அன்பு, வெறுப்பு, ஆசை என்ற ஏழு உணர்ச்சிகளும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றனவா என்பதைப் பற்றி. கொரியக் கன்ஃபூசிய அறிஞர்களான யி ஹ்வாங் (1501–1570), கி டேசுங் (1527–1572) இருவரும் 1559 முதல் 1566 வரை கடிதங்களில் வாதிட்டார்கள். முளைகளில் நெறி (லீ; பண்பொழுங்கு என்ற லி வேறு சொல்) எழுகிறது, உயிர்விசை (கி) பின்தொடர்கிறது, ஏழு உணர்ச்சிகளில் உயிர்விசை எழுகிறது, நெறி அதன்மேல் ஏறிச் செல்கிறது என்பது யி ஹ்வாங்கின் முடிவான நிலை. உணர்ச்சியை இப்படி இரண்டாக வெட்டமுடியாது, முளைகள் ஏழுக்குள்ளேயே அடக்கம் என்றார் 26 வயது இளையவரான கி டேசுங். அந்த இளையவரின் மறுப்புக்கு மதிப்புக் கொடுத்து யி ஹ்வாங் தம் வாசகத்தைத் திருத்தினார். தென்கொரியாவின் 1000 வோன் நோட்டில் இருப்பது யி ஹ்வாங்கின் படமே.

உணர்ச்சி ஏமாற்றாதா?

ஏமாற்றும். ஷேலர் விவரித்த நச்சு இது: அடைய முடியாததை, முடியாது என்ற கசப்பை உள்ளே புதைத்து, “அதற்கு மதிப்பே இல்லை” என்று மனம் தாழ்த்திக்கொள்வது. எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொல்வதோடு நிற்காமல், இனிப்பே கெட்டது என்று சொல்லிவிடுவது. அங்கே விழுமிய வரிசையே தலைகீழாகிவிடும்.

இன்னொரு கேடு அவசரம். மென்சியஸ் சொல்லும் கதையில், பழைய சீனாவின் சோங் நாட்டு விவசாயி ஒருவர் பயிர் வளரவில்லையே என்று ஒவ்வொரு நாற்றையும் கையால் மேலே இழுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, “இன்று களைத்துவிட்டேன், பயிர் வளர உதவினேன்” என்றார். மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் வாடிக்கிடந்தன (2அ2). வராத இரக்கத்தை வரவழைப்பது இந்த வேலைதான். பயனில்லை என்று களை எடுக்காமல் விடுவதும் அதே இடத்தில் கண்டிக்கப்படுகிறது.

நாமே ஓர் உணர்ச்சியை விவரித்துப் பழக என்ன செய்வது?

ஒரே ஒரு நிகழ்வை எடுங்கள். “நான் பொதுவாக இரக்கமுள்ளவன்” என்பது நிகழ்வு அல்ல. நேற்று மாலை பேருந்தில் நடந்தது என்பது நிகழ்வு. பத்து வரிக்குள் எழுதுங்கள், “ஏனென்றால்” என்ற சொல்லே இல்லாமல். அந்தச் சொல் வந்தால் விவரிப்பு நின்று விளக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பிறகு நான்கு கேள்விகள். உணர்ச்சி எதை நோக்கி இருந்தது, ஆளையா, அவர் நிலையையா, என்னையா? எந்த விழுமியம் அதில் தெரிந்தது? உடல் என்ன செய்தது? எதை மாற்றினால் அந்த உணர்ச்சி போய்விடும்: வேறு யாரும் இல்லாதிருந்தால், அவர் அந்நியராக இல்லாதிருந்தால், பார்க்காமல் கேள்விப்பட்டிருந்தால்?

உடலைப் பற்றிய கேள்வியைத்தான் பலர் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மென்சியஸின் 3அ5ஐ முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். அடக்கம் செய்யும் வழக்கமே இல்லாத காலத்தில் ஒருவர் இறந்த பெற்றோரைப் பள்ளத்தில் போட்டுவிட்டார். பின்னொரு நாள் அவ்வழியே போனபோது நரிகள் தின்பதையும் ஈக்கள் மொய்ப்பதையும் கண்டார். நெற்றி வியர்த்தது. ஓரக்கண்ணால் பார்த்தார், நேராகப் பார்க்க முடியவில்லை. அந்த வியர்வை பிறர் பார்க்க வந்த வியர்வை அல்ல என்கிறார் மென்சியஸ். பிறகு அவர் வீட்டுக்குப் போய்க் கூடையும் மண்வெட்டியும் எடுத்து வந்து மூடினார். ஒரு சடங்கு பிறந்த கதை இவ்வளவுதான், உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

எங்கே தொடங்கிப் படிக்கலாம்?

மென்சியஸில் 2அ6, 1அ7, 6அ10, 3அ5 என்ற வரிசையில். நான்கும் சேர்ந்து ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும், ஆனால் வாரத்துக்கு ஒன்றுக்குமேல் வேண்டாம். உரையாடல் தொகுப்பில் 17.21ஐத் தனியாக எடுங்கள். ஷேலரின் பெருநூலில் நேரே இறங்கினால் காண்ட்டோடு நடக்கும் சண்டையிலேயே களைத்துவிடுவீர்கள். பரிவின் வகைகளைப் பற்றிய அவருடைய நூலின் முதல் பகுதியிலிருந்து தொடங்கி, நாணம் பற்றிய கட்டுரைக்கு வந்து, விழுமிய வரிசையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.